இந்தியன் சூப்பர் லீக் இறுதிக்கட்டச் சுற்றுத் தகுதி

இந்தியன் சூப்பர் லீக் இறுதிக்கட்டச் சுற்று (பிளே-ஆஃப்) என்பது இந்தியாவின் முதன்மைக் கால்பந்துக் கழகப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கில், புள்ளிப் பட்டியலில் முன்னிலை பெறும் அணிகள் கிண்ணத்துக்காக மோதும் சுற்று ஆகும். 2014 முதல் 2021–22 வரை முதல் நான்கு அணிகளும், 2022–23 முதல் 2024–25 வரை முதல் ஆறு அணிகளும் இச்சுற்றுக்குத் தகுதி பெற்றன. பருவம் தொடங்குமுன் வெளியாகும் ஆட்ட அட்டவணையைக் கொண்டு தம் அணி தகுதி பெறுமா என்று மதிப்பிடுவது கால்பந்து ஆர்வலர்களிடையே வழக்கமாக உள்ளது. இக்கட்டுரை அம்மதிப்பீட்டின் அடிப்படைகளை, தமிழ்நாட்டின் சென்னையின் எஃப்சி அணியையும் அண்டை மாநிலத்தின் பெங்களூரு எஃப்சி அணியையும் முதன்மை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு விளக்குகிறது.

போட்டியின் அமைப்பு

இந்தியன் சூப்பர் லீக் 2013 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதன் முதல் ஆட்டம் 2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடைபெற்றது. முதல் மூன்று பருவங்களில் 8 அணிகள் பங்கேற்றன. ஒவ்வொரு அணியும் ஏனைய ஏழு அணிகளுடன் தன் ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் ஆடியது. எனவே ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள் அமைந்தன.

2017–18 பருவத்தில் பெங்களூரு எஃப்சி, ஜாம்ஷெட்பூர் எஃப்சி ஆகிய அணிகள் சேர்ந்ததால் அணிகளின் எண்ணிக்கை 10 ஆகவும் ஆட்டங்கள் 18 ஆகவும் உயர்ந்தன. 2020–21 இல் ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தபின் 11 அணிகளும் 20 ஆட்டங்களும் ஆயின. 2023–24 இல் பஞ்சாப் எஃப்சி ஐ-லீக்கிலிருந்து உயர்வு பெற்று நுழைந்தது. அப்பருவத்தில் 12 அணிகள் தலா 22 ஆட்டங்கள் ஆடின. 2024–25 இல் முகமதன் விளையாட்டுக் கழகம் சேர்ந்ததால் 13 அணிகள் தலா 24 ஆட்டங்கள் ஆடின.

வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படுகின்றன. தோல்விக்குப் புள்ளி இல்லை.

இறுதிக்கட்டச் சுற்றின் முறை

முதல் நான்கு அணிகள் தகுதி பெற்ற காலத்தில், அரையிறுதி இரு ஆட்டங்களாக நடைபெற்றது. இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி வெற்றி முடிவு செய்யப்பட்டது. இறுதி ஆட்டம் ஒன்றே ஆகும்.

2022–23 முதல் முறை மாறியது. முதல் இரு இடங்களைப் பெறும் அணிகள் நேரடியாக அரையிறுதிக்குச் சென்றன. மூன்றாம் அணி ஆறாம் அணியுடனும், நான்காம் அணி ஐந்தாம் அணியுடனும் ஒரே ஒரு வெளியேற்று ஆட்டத்தில் மோதின. இவ்வாட்டம் பட்டியலில் உயர்ந்த இடம் பெற்ற அணியின் ஊரில் நடத்தப்பட்டது. இதனால் ஆறு அணிகள் தகுதி பெற்றாலும் அவற்றின் வாய்ப்பு சமமானது அன்று. முதலிரு அணிகள் ஓர் ஆட்டத்தைத் தவிர்க்கின்றன. ஐந்தாம், ஆறாம் அணிகள் வெளியூரில் வென்றால்தான் தொடர முடியும்.

இம்முறையில் நடந்த மூன்று பருவங்களில் ஆறாம் இடம் பெற்ற அணி ஒரு முறையும் அரையிறுதியை எட்டவில்லை. 2023 இல் ஒடிசா எஃப்சியும், 2024 இல் சென்னையின் எஃப்சியும், 2025 இல் மும்பை சிட்டியும் வெளியேற்று ஆட்டத்திலேயே தோற்றன. மும்பை சிட்டி பெங்களூரில் 0–5 என்ற கோல் கணக்கில் தோற்றது. ஐந்தாம் இடம் பெற்ற அணிகளில் 2025 இல் ஜாம்ஷெட்பூர் மட்டுமே நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை 2–0 என வென்று அரையிறுதி எட்டியது.

முதலிடமும் கிண்ணமும்

புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுவது கிண்ணத்துக்கு உறுதி அளிப்பதில்லை. 2014 முதல் 2024–25 வரை நடந்த 11 பருவங்களில், முதலிடம் பெற்ற அணியே கிண்ணத்தையும் வென்றது மூன்று முறை மட்டுமே ஆகும். அவை 2018–19 இல் பெங்களூரு எஃப்சி, 2020–21 இல் மும்பை சிட்டி, 2024–25 இல் மோகன் பகான் ஆகியன. 2016 இல் நான்காம் இடம் பெற்ற அத்லெடிகோ டி கொல்கத்தா கிண்ணம் வென்றது. முதலிடத்துக்கு உரிய மதிப்பைத் தரும் பொருட்டு 2019–20 இல் லீக் வாகையர் கேடயம் அறிமுகப்படுத்தப்பட்டது. அதை முதலில் பெற்றது எஃப்சி கோவா.

சம புள்ளிகள்

இரு அணிகள் சம புள்ளிகள் பெற்றால், அவை தம்முள் ஆடிய ஆட்டங்களின் முடிவு முதலில் கருதப்படுகிறது. மொத்தக் கோல் வேறுபாடு அதற்குப் பின்னரே பார்க்கப்படும். 2020–21 இல் மும்பை சிட்டியும் ஏடிகே மோகன் பகானும் 40 புள்ளிகள் பெற்றன. மும்பை சிட்டி அப்பருவத்தில் மோகன் பகானை இரு முறையும் வென்றிருந்ததால் கேடயம் அதற்குக் கிடைத்தது. இதனால் நேரடிப் போட்டியாளருடன் ஆடும் ஆட்டங்கள் இரட்டை மதிப்புடையவை ஆகின்றன.

தகுதிக்குப் போதுமான புள்ளிகள்

தகுதி பெற்ற கடைசி அணியின் புள்ளிகள் பருவந்தோறும் வேறுபட்டுள்ளன. 2021–22 வரை இது நான்காம் இடத்தையும், அதன்பின் ஆறாம் இடத்தையும் குறிக்கும்.

* 2014: 14 ஆட்டங்களில் 19 புள்ளிகள்
* 2015: 14 ஆட்டங்களில் 22 புள்ளிகள்
* 2016: 14 ஆட்டங்களில் 20 புள்ளிகள்
* 2017–18: 18 ஆட்டங்களில் 30 புள்ளிகள்
* 2018–19: 18 ஆட்டங்களில் 29 புள்ளிகள்
* 2019–20: 18 ஆட்டங்களில் 29 புள்ளிகள்
* 2020–21: 20 ஆட்டங்களில் 31 புள்ளிகள்
* 2021–22: 20 ஆட்டங்களில் 34 புள்ளிகள்
* 2022–23: 20 ஆட்டங்களில் 30 புள்ளிகள்
* 2023–24: 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள்
* 2024–25: 24 ஆட்டங்களில் 36 புள்ளிகள்

ஆட்டங்களின் எண்ணிக்கை மாறுவதால் மொத்தப் புள்ளிகளை நேரடியாக ஒப்பிட இயலாது. ஓர் ஆட்டத்துக்கான சராசரியே பொருத்தமான அளவு ஆகும். மேற்கண்ட பட்டியலில் இச்சராசரி 1.23 (2023–24) முதல் 1.70 (2021–22) வரை உள்ளது. பெரும்பாலான பருவங்களில் அது 1.5 ஐ ஒட்டியோ அதற்கு மேலோ அமைந்துள்ளது. எனவே ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி என்பது தகுதிக்கான பொதுக் கணக்காகக் கொள்ளத்தக்கது. இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு வெற்றி என்ற வீதமே இதற்குச் சமம். ஒரு வெற்றி, ஒரு தோல்வி என மாறி மாறி வந்தாலும் இச்சராசரி கிட்டும். ஆனால் தொடர்ந்து சமநிலைகளே வந்தால் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி மட்டுமே கிடைக்கும். அது தகுதிக்குப் போதாது.

அட்டவணையை மதிப்பிடுதல்

அட்டவணையைக் கொண்டு வாய்ப்பைக் கணிக்கும்போது பொதுவாகப் பின்வருவன கருதப்படுகின்றன.

உள்ளூர், வெளியூர் ஆட்டங்களின் வரிசை. முழுப் பருவத்தில் இவ்விரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பினும், அவற்றின் வரிசை சமமாக அமைவதில்லை. தொடக்கத்தில் வெளியூர் ஆட்டங்கள் குவிந்திருந்தால் அணி பட்டியலில் தாழ்ந்து காணப்படும். அது உண்மையான வலுவின்மையா, அட்டவணையின் விளைவா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ஆட்டங்களுக்கு இடையிலான இடைவெளி. இந்தியாவின் நிலப்பரப்புக் காரணமாகப் பயணத் தொலைவு மிகுதி. சென்னையிலிருந்து குவகாத்திக்குச் சென்று திரும்பிச் சில நாட்களில் அடுத்த ஆட்டம் ஆடும் அணியும், அதே நாட்களில் ஓய்வில் இருந்த அணியும் சமநிலையில் மோதுவதில்லை.

பன்னாட்டு ஆட்டங்களுக்கான இடைநிறுத்தம். தேசிய அணிக்கு வீரர்களைத் தரும் கழகங்கள் இக்காலத்தில் பயிற்சி இழக்கின்றன. காயமுற்ற வீரர்களைக் கொண்ட அணிக்கோ அதுவே குணமடையும் காலமாகிறது.

பருவமழை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2015 டிசம்பரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் சென்னையின் எஃப்சி தன் உள்ளூர் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது.

நேரடிப் போட்டியாளருடனான ஆட்டம். தகுதிக் கோட்டை ஒட்டி நிற்கும் இரு அணிகள் மோதும்போது, வெல்லும் அணி 3 புள்ளிகள் பெறுவதுடன் எதிரணி அப்புள்ளிகளைப் பெறாமலும் தடுக்கிறது.

அடையக்கூடிய மிகுதியான புள்ளி. ஓர் அணி ஏற்கெனவே பெற்ற புள்ளிகளுடன், எஞ்சிய ஆட்டங்களை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் இம்மதிப்பு கிடைக்கும். இது தகுதிக்கு உரிய இடத்திலுள்ள அணியின் தற்போதைய புள்ளிகளைவிடக் குறைந்தால் அணியின் வாய்ப்பு முடிந்ததாகும். அதுவரை கணக்களவில் வாய்ப்பு உண்டு.

சென்னையின் எஃப்சி அணியின் பருவங்கள்

சென்னையின் எஃப்சி 2014 இல் தொடங்கப்பட்டது. இதன் உள்ளூர் அரங்கம் சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் ஆகும். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் ஆகியன இதன் ஆர்வலர் குழுக்கள். அட்டவணையையும் புள்ளிகளையும் கொண்டு செய்யப்படும் கணிப்பு எந்த அளவுக்குப் பலிக்கும், எங்குத் தவறும் என்பதற்கு இவ்வணியின் வரலாறு இரு திசைகளிலும் சான்று தருகிறது.

2014. இத்தாலியின் மார்கோ மாடராசி பயிற்சியாளராகவும் வீரராகவும் இருந்தார். அணி 23 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. பிரேசில் வீரர் எலானோ 8 கோல்கள் அடித்து அப்பருவத்தின் மிகுதியான கோல்களுக்குரிய விருதைப் பெற்றார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் 3–0 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் சென்னை மூன்று கோல்கள் அடித்துக் கணக்கைச் சமன் செய்தது. ஆயினும் கூடுதல் நேரத்தின் முடிவில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் கேரளா 4–3 என்ற மொத்தக் கணக்கில் முன்னேறியது.

2015. முதல் 10 ஆட்டங்களின் முடிவில் அணி 10 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தது. எஞ்சியவை 4 ஆட்டங்கள். அடையக்கூடிய மிகுதியான புள்ளி 22. அணி நான்கு ஆட்டங்களையும் வென்று அந்த 22 புள்ளிகளை முழுமையாகப் பெற்று மூன்றாம் இடம் அடைந்தது. ஐந்தாம் இடம் பெற்ற நார்த்ஈஸ்ட் யுனைடெட் 20 புள்ளிகளுடன் வெளியேறியது. ஏனைய முடிவுகள் மாறாதிருக்க, சென்னை அந்நான்கில் ஒன்றில் தோற்றிருந்தாலும் 19 புள்ளிகளுடன் வெளியேறியிருக்கும். அரையிறுதியில் அத்லெடிகோ டி கொல்கத்தாவை 4–2 என்ற மொத்தக் கணக்கில் வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், முழு நேரம் முடியும் தறுவாயில் 1–2 எனப் பின்தங்கியிருந்த அணி அடுத்தடுத்து இரு கோல்கள் பெற்று எஃப்சி கோவாவை 3–2 என வென்றது. வெற்றிக் கோலை அடித்த ஸ்டிவன் மெண்டோசா அப்பருவத்தில் 13 கோல்கள் அடித்தார்.

2016. நடப்பு வாகையரான அணி எட்டு அணிகளில் ஏழாம் இடம் பெற்றது.

2017–18. ஜான் கிரகரி பயிற்சியாளரானார். அணி 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. பெங்களூரு எஃப்சி 40 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது. இறுதி ஆட்டம் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரின் ஸ்ரீ கண்டீரவா அரங்கிலேயே நடைபெற்றது. பட்டியலில் எட்டுப் புள்ளிகள் முன்னிலை, சொந்த அரங்கம், சொந்தப் பார்வையாளர் ஆகிய அனைத்தும் பெங்களூருக்குச் சாதகமாக இருந்தன. ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி முதல் கோலும் அடித்தார். ஆயினும் மைல்சன் ஆல்வெஸ் இரு முறை தலையால் முட்டி அடித்த கோல்களாலும், ரஃபேல் அகுஸ்டோ அடித்த கோலாலும் சென்னை 3–2 என வென்று இரண்டாம் முறை கிண்ணம் பெற்றது. அப்பருவத்தின் டிசம்பரில் இதே அரங்கில் சென்னை 2–1 என ஏற்கெனவே வென்றிருந்தது.

2018–19. வாகையரான அணி 18 ஆட்டங்களில் 2 வெற்றிகளும் 3 சமநிலைகளும் பெற்று, 9 புள்ளிகளுடன் பத்து அணிகளில் கடைசி இடம் பெற்றது. கடைசி இடத்தில் இருந்த நிலையிலும் 2019 பெப்ரவரியில் சென்னையில் பெங்களூரு எஃப்சியை 2–1 என வென்றது. அப்பருவக் கிண்ணத்தை வென்றது அந்தப் பெங்களூரு அணியே ஆகும்.

2019–20. முதல் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகளே கிடைத்த நிலையில் கிரகரி விலகினார். ஸ்காட்லாந்தின் ஓவன் காயில் பொறுப்பேற்றார். அதுவரையிலான வீதம் தொடர்ந்திருந்தால் அணி 15 புள்ளிகளையே பெற்றிருக்கும். ஆனால் எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் சேர்த்து, மொத்தம் 29 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் எஃப்சி கோவாவை 6–5 என்ற மொத்தக் கணக்கில் வென்றது. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பெருந்தொற்றுக் காரணமாகப் பார்வையாளர் இன்றி நடைபெற்றது. அதில் ஏடிகே அணியிடம் 1–3 எனத் தோற்றது.

2020–21, 2021–22. பெருந்தொற்றுக் காரணமாக இவ்விரு பருவங்களின் லீக் ஆட்டங்களும் கோவாவிலேயே நடந்தன. சென்னையின் எஃப்சி இரு முறையும் 20 புள்ளிகளுடன் எட்டாம் இடம் பெற்றது. ஆயினும் அப்புள்ளிகள் சேர்ந்த விதம் வேறு. முதற்பருவத்தில் 3 வெற்றிகள், 11 சமநிலைகள், 6 தோல்விகள். இரண்டாவதில் 5 வெற்றிகள், 5 சமநிலைகள், 10 தோல்விகள். முன்னதில் அணி அரிதாகவே தோற்றும் தகுதியிலிருந்து 11 புள்ளிகள் தொலைவில் நின்றது. சமநிலைகள் தகுதி தருவதில்லை என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

27 புள்ளிகள்: மூன்று பருவங்கள்

2022–23, 2023–24, 2024–25 ஆகிய மூன்று பருவங்களிலும் சென்னையின் எஃப்சி சரியாக 27 புள்ளிகள் பெற்றது. ஆயினும் அதன் இடம் முறையே 8, 6, 11 ஆக அமைந்தது.

2022–23 இல் 20 ஆட்டங்களில் 27 புள்ளிகள் கிடைத்தன. ஆறாம் இடம் பெற்ற ஒடிசா 30 புள்ளிகள் பெற்றது. ஒரே ஒரு வெற்றியின் அளவே இடைவெளி.

2023–24 இல் 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள் கிடைத்தன. சராசரி முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. எனினும் நடுத்தர அணிகள் யாவும் தடுமாறியதால் அணி ஆறாம் இடம் பெற்றுத் தகுதி அடைந்தது. இதில் பருவ இறுதி ஆட்டங்கள் முதன்மையானவை. 2024 மார்ச் 31 அன்று கொல்கத்தாவில், பின்னர் கேடயம் வென்ற மோகன் பகானை அணி 3–2 என வென்றது. ஏப்ரலில் சென்னையில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2–1 என வென்றது. இவ்வணிதான் 26 புள்ளிகளுடன் ஏழாம் இடம் பெற்று ஒரு புள்ளியில் வாய்ப்பை இழந்தது. அவ்வாட்டம் சமநிலையில் முடிந்திருந்தால், ஏனைய முடிவுகள் மாறாதிருக்க, நார்த்ஈஸ்ட் 27 புள்ளிகளும் சென்னை 25 புள்ளிகளும் பெற்று இடங்கள் மாறியிருக்கும். வெளியேற்று ஆட்டத்தில் சென்னை, கோவாவிடம் 1–2 எனத் தோற்றது.

2024–25 இல் 24 ஆட்டங்கள் ஆடியும் அதே 27 புள்ளிகளே கிடைத்தன. ஆறாம் இடத்துக்கு 36 புள்ளிகள் தேவைப்பட்டன. முந்தைய ஆண்டு தகுதி தந்த எண், 13 அணிகளில் பதினோராம் இடத்தையே தந்தது. கடந்த ஆண்டின் கோட்டை வைத்து அடுத்த ஆண்டைக் கணிக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

பெங்களூரு எஃப்சி

பெங்களூரு எஃப்சி 2013 இல் தொடங்கப்பட்டது. 2013–14, 2015–16 ஆகிய பருவங்களில் ஐ-லீக் வாகை சூடியது. 2016 இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை எட்டியது. வெஸ்ட் பிளாக் புளூஸ் என்பது இதன் ஆர்வலர் குழு ஆகும்.

2022–23 பருவத்தில் முதல் 12 ஆட்டங்களில் இவ்வணி 10 புள்ளிகள் மட்டுமே பெற்றிருந்தது. பின்னர் எஞ்சிய 8 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று 34 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றது. 2023 மார்ச் 3 அன்று கேரளா பிளாஸ்டர்சுடன் நடந்த வெளியேற்று ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணி ஆயத்தமாகுமுன் சேத்ரி தனியுதை மூலம் கோல் அடித்தார். நடுவர் அதை ஏற்றதை எதிர்த்துக் கேரள அணி ஆடுகளத்தை விட்டு வெளியேறியது. பெங்களூரு அரையிறுதியில் மும்பை சிட்டியை வென்று, இறுதி ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானிடம் சமன்நீக்கி உதைகளில் தோற்றது. 2015 இல் சென்னை செய்ததைப் போன்றே, பாதிப் பருவத்தின் கணிப்பை முற்றிலும் பொய்யாக்கிய எடுத்துக்காட்டு இதுவாகும்.

ஓசூர், பாகலூர் எல்லைப் பகுதி

கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டாரம் தமிழ்நாடு, கர்நாடக எல்லையில் அமைந்த தொழிற்பகுதி ஆகும். பாகலூர், ஓசூருக்கு வடக்கே கர்நாடகத்தின் மாலூர் செல்லும் சாலையில் உள்ளது. தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படும் இப்பகுதி, கால்பந்து ஆர்வலரைப் பொறுத்தவரை இரு அணிகளுக்கு இடைப்பட்டது. மாநிலத்தின் அணி ஆடும் சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலும், அண்டை மாநில அணி ஆடும் பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன.

எனவே இப்பகுதியில் வாழும் சென்னை அணி ஆர்வலருக்கு, அட்டவணையில் மிக எளிதாகச் சென்று காணக்கூடிய ஆட்டம் சென்னையில் நடப்பது அன்று. பெங்களூரில் வெளியூர் அணியாகச் சென்னை ஆடும் ஆட்டமே அது. இரு அணிகளும் ஊர் மாறி ஒவ்வொரு முறை ஆடும் பருவத்தில் இத்தகைய வாய்ப்பு ஒன்றே அமையும். 2018 இன் இறுதி ஆட்டம் இதற்கு விலக்கு. சென்னை இரண்டாம் கிண்ணத்தை வென்றது எல்லைக்கு மிக அருகில் ஆகும்.

ஆட்டத்தின் நாளும் நேரமும் இங்குக் கூடுதல் முதன்மை பெறுகின்றன. மாலை 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து ஏறத்தாழ 9.20 மணிக்கு முடியும். தொழிற்சாலைகளில் முறைப்பணி (ஷிப்டு) செய்வோரில் பிற்பகல் முறையினர் வார நாள் ஆட்டத்தைக் காண இயலாது. காலை முறையினர் இரவே ஊர் திரும்ப வேண்டும். சனி, ஞாயிறு ஆட்டங்களே இவர்களுக்கு ஏற்றவை. 2025 ஆகஸ்ட் மாதம் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டபின், ஓசூர் சாலை வழியாக வருவோர் நகருக்குள் செல்வது முன்னைவிட எளிதாயிற்று.

2025–26 பருவத்தின் நிச்சயமின்மை

அட்டவணையை மதிப்பிடுவதற்கு அட்டவணை ஒன்று வேண்டும். 2025 இல் அதுவே இல்லாதாயிற்று. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்திய கால்பந்து விளையாட்டு வளர்ச்சி நிறுவனத்துக்கும் இடையே 2010 இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடைய இருந்தது. அதன் புதுப்பிப்பு உறுதியாகாததால் 2025 ஜூலையில் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணியின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயற்பாடுகளை இடைநிறுத்தியது. இதனால் இறுதிக்கட்டத் தகுதி குறித்த வினா பின்தள்ளப்பட்டு, போட்டி நடைபெறுமா என்பதே வினாவாயிற்று.

2026 ஜனவரியில், 14 கழகங்களும் பங்கேற்கும் சுருக்கப்பட்ட பருவம் பெப்ரவரி 14 அன்று தொடங்கும் என ஒன்றிய விளையாட்டுத்துறை அமைச்சர் அறிவித்தார். ஒவ்வோர் அணியும் மற்றோர் அணியுடன் ஒரு முறை மட்டுமே ஆடும் வகையில் மொத்தம் 91 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன. இவ்வமைப்பில் ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள் அமையும். 13 ஒற்றை எண் ஆதலால் உள்ளூர், வெளியூர் ஆட்டங்கள் சமமாகப் பிரிய இயலாது. மேலும், தோற்ற ஆட்டத்தை ஈடுசெய்ய அதே எதிரணியுடன் மறு ஆட்டம் இல்லை. எனவே முந்தைய பருவங்களின் கணக்குகள் இத்தகைய பருவத்துக்கு நேரடியாகப் பொருந்தா.

பிற போட்டிகளுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முதலிய ஐரோப்பாவின் பெரும் போட்டிகளில் இறுதிக்கட்டச் சுற்று இல்லை. பட்டியலில் முதலிடம் பெறும் அணியே வாகையர் ஆகும். கடைசி இடங்களைப் பெறும் அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதால், பட்டியலின் அடியிலும் ஆட்டங்கள் பொருளுடையனவாக உள்ளன. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் மேற்பிரிவுக்கு உயரும் ஓர் இடத்துக்காக மட்டும் இச்சுற்று நடத்தப்படுகிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் இறக்கம் இல்லை. வாகையர் இறுதிக்கட்டச் சுற்றின் மூலமே முடிவு செய்யப்படுகிறார். இந்தியன் சூப்பர் லீக்கில் 2024–25 வரை எந்த அணியும் புள்ளிகளின் அடிப்படையில் இறக்கப்படவில்லை. எனவே நடுத்தர அணிகளுக்கு ஆறாம் இடமே பருவ இறுதி வரை ஆடுவதற்கான காரணமாக இருந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு நன்கு அறிமுகமான இந்தியன் பிரீமியர் லீக் துடுப்பாட்டத்தில், சம புள்ளிகளின்போது ஓட்ட வீதம் பார்க்கப்படுகிறது. 2024 மே 18 அன்று பெங்களூரில் சென்னை சூப்பர் கிங்ஸ் 27 ஓட்டங்களால் தோற்றபோது, இரு அணிகளும் 14 புள்ளிகள் பெற்றிருந்தும் ஓட்ட வீதத்தால் பெங்களூரு அணி தகுதி பெற்றது. கால்பந்தில் இத்தகைய நிலையில் முதலில் பார்க்கப்படுவது இரு அணிகளும் தம்முள் ஆடிய ஆட்டங்களே என்பது முதன்மையான வேறுபாடு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* இந்தியன் சூப்பர் லீக்
* சென்னையின் எஃப்சி
* பெங்களூரு எஃப்சி
* ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம், சென்னை
* ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம்
* ஓசூர்
* பாகலூர்